வெறும் வயிற்றில் வரவும்

என் புருஷன் ஃபராமர்ஸ் மூக்குக் கண்ணாடி விற்கிறவன். தெஹ்ரானில் ஜும்ஹூரித் தெருவில் கடை. வருகிறவர்களின் மூக்கின் மேல் சட்டத்தை உட்காரவைத்து, தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்து, "உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்று காலமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவன். அவன் மூக்கிலிருந்து எந்தக் கண்ணாடியும் வழுக்கி நான் பார்த்ததில்லை. ஆண்டவன் அளக்காமல் அள்ளிக் கொடுத்த மூக்கு. கடைக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது என்று நான் சொல்வேன், அவனும் சிரிப்பான். ஐம்பத்து நாலு வயதுவரை சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

எங்கள் மகள் கிம்யாவைப் பெண் கேட்டு வந்த அன்றைக்குத்தான் அந்தச் சிரிப்பு நின்றது. மாப்பிள்ளையின் அப்பா நல்ல மனுஷர், வாய்தான் ஓட்டை. தேநீரை உறிஞ்சிக்கொண்டே, "பொண்ணு அம்மா சாடை, அதனால தப்பிச்சோம். பேரப்பிள்ளைங்களுக்கு மட்டும் நம்ம ஃபராமர்ஸ் மூக்கு வராம ஆண்டவன் பாத்துக்கணும்" என்றார். கூடமே சிரித்தது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவன் ஃபராமர்ஸ். அவர்கள் போன பிறகு பார்த்தால், குளியலறையில் முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, கையில் இன்னொரு கண்ணாடியைப் பிடித்து, தன் பக்கவாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மஹ்லகா, பக்கவாட்டுல பாத்தா ரொம்பப் பெருசாவா இருக்கு?"

"நேர பாத்தாலும் அப்படித்தான் இருக்கு" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, மூச்சு விடச் சிரமமாக இருக்கிறது, டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்றான். எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் ஊரில் அழகுக்காக மூக்கை வெட்டிக்கொண்ட ஆளை இதுவரை யாரும் பார்த்ததில்லை. எல்லாருக்கும் மூச்சுதான் அடைக்கும். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் மூச்சுதான் அடைத்தது, அவள் தங்கைக்கும் அதே, அவள் அம்மாவுக்கும் அதே.

"மூக்கை வெட்டினா விதை மாறுமா?" என்று கேட்டேன். "பேரனுக்கு வரப்போறது உன் ரத்தத்துல இருந்து. டாக்டர் கத்தியிலிருந்து இல்ல."

"அது எனக்குத் தெரியாதா? ஆனா கல்யாணப் படத்துல அந்த மனுஷன் பக்கத்துல நான்தானே நிக்கணும்."

சொல்லிவிடுகிறேன், எனக்கு மூக்கைப் பற்றிக் கவலையே கிடையாது. பெரிதோ சின்னதோ, பழகிப்போன மூக்கு. எனக்கு மயக்க மருந்தைப் பற்றித்தான் பயம். நாளெல்லாம் புகைக்கிறவன். இதயத்துக்கு அரை ஆஸ்பிரின் விழுங்குகிறவன். இந்த வயதில் ஒருவன் தானாகப் போய்ப் படுத்து, என்னைத் தூங்கவை என்று சொல்லி, எழுந்திருக்காமலே போய்விட்டால்? உயிர் போகும்படியான வியாதி வந்து போனாலாவது அழுது தீர்க்கலாம். மூக்குக்காகப் போனான் என்று யாரிடம் சொல்லி அழுவது? இப்படியெல்லாம் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் எனக்குப் பயம் வந்தால் வாய் நீளும். கண்ணீர் வராது, கிண்டல்தான் வரும். அந்த ஒரு மாதமும் அவனை ஓட ஓட விரட்டினேன்.

டாக்டர் சர்மதியின் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எங்கள் மகள் வயதுப் பெண்கள். பாதிப் பேருக்கு மூக்கில் ஒட்டுப்பட்டை. அதைப் பதக்கம் மாதிரி ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவே என் புருஷன், மடியில் சுருட்டிய காகிதத்தோடு. உள்ளே போனதும் அதை விரித்தான். அவன் கடைச் சுவரில் தொங்கும் விளம்பரப் படம். கண்ணாடி மாட்டிய ஏதோ ஒரு வெள்ளைக்கார வாலிபன்.

"இந்த மாதிரி" என்றான்.

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. படத்தைப் பார்த்தார், விரலால் ஃபராமர்ஸின் மூக்கு நுனியை அமுக்கிப் பார்த்தார்.

"இது எலும்பு மூக்கு. உங்களது சதை மூக்கு. தோல் தடிமன். நான் உள்ளே என்னதான் செதுக்கினாலும் மேலே கம்பளி போத்தின மாதிரிதான் தெரியும். மூக்கு நடுவுல இருக்கிற மேட்டைச் சீவலாம், நுனியைக் கொஞ்சம் தூக்கலாம், உள்ளே வளைஞ்சிருக்கிற தண்டை நேராக்கலாம். உங்க மூக்குதான் இருக்கும், கொஞ்சம் அடக்கமா இருக்கும். இந்தப் பையன் மூக்கு வேணும்னா வேற டாக்டரைப் பாருங்க. அவர் சரின்னு சொல்லுவார். ஆனா செய்ய அவராலயும் முடியாது."

அந்த இடத்திலேயே எனக்கு அவர்மேல் மரியாதை வந்துவிட்டது. இன்னும் சொன்னார். கட்டு ஒரு வாரத்தில் பிரியும், கண்ணைச் சுற்றிக் கருநீலம் பூத்து மெல்ல வடியும், ஆனால் வீக்கம் முழுக்க வடிய ஒரு வருஷம் ஆகும், தடித்த தோலுக்கு அதற்கு மேலும் ஆகலாம். கல்யாணப் படத்தில் புது மூக்கு தெரியாது, புது வீக்கம்தான் தெரியும். சிகரெட்டை அறுவைக்கு ஒரு மாதம் முன்பே விட வேண்டும், இல்லாவிட்டால் காயம் ஆறாது, தோல் கறுத்துப்போகும். ஆஸ்பிரினை இதய டாக்டரைக் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது. கடைசியாக, இரண்டு மாதத்துக்கு மூக்கின் மேல் கண்ணாடி வைக்கக் கூடாது.

இதைக் கேட்டதும்தான் என் புருஷன் முகம் வெளுத்தது. கண்ணாடி இல்லாமல் அவனுக்கு எதிரே நிற்பது ஆளா மரமா என்று தெரியாது.

"நெத்தியில ஒட்டுப்பட்டை போட்டுக் கண்ணாடியைத் தொங்க விட்டுக்கலாம்" என்றார் டாக்டர்.

"கடைக்கு நல்ல விளம்பரம்" என்றேன் நான்.

எல்லாவற்றுக்கும் "சஷ்ம்" என்றான் ஃபராமர்ஸ். எங்கள் மொழியில் சஷ்ம் என்றால் கண். உங்கள் சொல் என் கண்மேல் என்று பொருள். ஊரில் எல்லாரும் நாள் பூராவும் சொல்வார்கள். சொன்னபடி செய்கிறவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

அறுவைக்கு முன்பாக மயக்க மருந்து டாக்டரையும் பார்த்தோம். அஃப்ஷார் என்று ஒரு பெண், ஒடிசலான உடம்பு, ஆனால் குரல் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை குரல். வெறும் வயிற்றில் வர வேண்டும், முந்தின இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கவளம் கூடாது என்றாள். ஏன் என்றும் சொன்னாள்.

"தொண்டையில ஒரு வாசல்காரன் இருக்கான். சோத்தை ஒரு பக்கம் அனுப்புவான், மூச்சை ஒரு பக்கம் அனுப்புவான். நாங்க மருந்து குடுத்ததும் நீங்க தூங்குறதுக்கு முன்னாடி அவன் தூங்கிடுவான். அப்போ வயித்துல இருக்கிறது மேல வந்தா, நேரா நுரையீரலுக்குள்ள போயிடும். அப்புறம் மூக்கைப் பத்திப் பேச ஆள் இருக்காது. புரியுதா?"

"சஷ்ம்" என்றான்.

எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் அவன் அக்கா தூரான் இருக்கிறாள். புருஷன் காலமான பிறகு அங்கேயே இருந்துவிட்டாள். நாத்தனார் என்றால் எங்கள் ஊரிலும் சும்மா இல்லை. எனக்கும் அவளுக்கும் பேச்சுக்குப் பேச்சு உண்டு, ஆனால் கெட்டவள் இல்லை. எங்கள் ஊர் வழக்கப்படி 'கானும்', அதாவது அம்மா, என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவேன். அவளுக்கும் அதே மூக்கு. தம்பி மூக்கை வெட்டிக்கொள்ளப் போகிறான் என்றதும், "அப்பாவோட மூக்கு. அதுல என்ன குறை கண்டான்?" என்று என்னிடம் கேட்டாள், என்னவோ நான் கத்தி தீட்டிக் கொடுத்த மாதிரி. "உங்க தம்பிகிட்டயே கேளுங்க, தூரான் கானும். என்னைக் கேட்டா மூக்கை விட்டுட்டு வாயை வெட்டச் சொல்லுவேன்" என்றேன்.

அறுவை அன்று காலை, வீட்டை விட்டுக் கிளம்புகிறவனைக் குர்ஆனின் கீழே நடக்கவைத்து அனுப்ப வேண்டும் என்று தூரான் சொல்லியிருந்தாள். நான் மேலே காப்பீட்டு அட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன். அவன் முன்னால் இறங்கிப் போனான். நான் இறங்கி வந்தபோது தூரான் வாசலில் குர்ஆனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவன் குனிந்து கடந்தான். மூவரும் வண்டி ஏறினோம். வழியெல்லாம் அவன் வாயே திறக்கவில்லை. நான்தான் பேசிக்கொண்டே வந்தேன். "திரும்பி வர்றப்போ உன்னை வீட்டுக்குள்ள விடலாமா வேணாமான்னு யோசிக்கணும், அடையாளம் தெரியணுமே" என்றேன். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மருத்துவமனையில் சேர்க்கும்போது கேட்டார்கள், வெறும் வயிறுதானே என்று. ஆமாம் என்றான். நீல அங்கி மாட்டும்போது கேட்டார்கள். ஆமாம் என்றான். தள்ளுகட்டிலில் படுக்கவைத்து மேல்மாடிக்குக் கொண்டுபோனார்கள். கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தான். கண்ணாடி இல்லாமல் அவன் கண் என்னைத் தேடியது. அப்போதும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "போ, போ, மூக்கும் முழியுமா வந்து சேரு."

கீழே காத்திருக்கும் கூடத்தில் தூரான் ஜபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். நான் அவன் கண்ணாடியைத் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"பயப்படாதே மஹ்லகா" என்றாள். "தெம்பாத்தான் போயிருக்கான். காலையில முகம் காகிதமா வெளுத்திருந்தது. ரத்த அழுத்தம் இறங்கிடுச்சுன்னு பாத்தாலே தெரிஞ்சுது. கற்கண்டுத் தேநீர் குடுத்தேன்."

"நல்ல காரியம் பண்ணினீங்க" என்றேன்.

ஆமாம், அப்படித்தான் சொன்னேன். எங்கள் ஊரில் வயிறு வலித்தால் கற்கண்டுத் தேநீர், தலை சுற்றினால் கற்கண்டுத் தேநீர், பரீட்சையில் தோற்றால், கல்யாணம் நின்றால், சாவு விழுந்தால், எல்லாவற்றுக்கும் அதுதான். அதை யாரும் குடிக்கிற பொருளாக நினைப்பதில்லை. அது மருந்து. என் நாக்கு அந்த வார்த்தையைச் சொல்லி முடித்த பிறகுதான் அந்த வாசல்காரன் நினைவு வந்தான்.

"எப்போ குடுத்தீங்க?"

"கிளம்புறப்போ. நீ மேல இருந்தியே, அப்போ."

"தேநீர் மட்டுமா?"

தூரானை எனக்குத் தெரியும். ஒரு வீட்டுக்கு வெறும் கையோடு போகமாட்டாள், ஒருத்தர் கையில் வெறும் கோப்பையைக் கொடுக்கமாட்டாள்.

"கொஞ்சம் காச்சி" என்றாள். "நேத்தே கிண்டி வச்சிருந்தேன்."

காச்சி என்றால் மாவை வெண்ணெயில் சிவக்க வறுத்து, சர்க்கரைப் பாகும் பன்னீரும் குங்குமப்பூவும் விட்டுக் கிண்டுகிற களி. பிள்ளை பெற்றவளுக்கு இடுப்பில் தெம்பு வரக் கொடுப்பது.

"எவ்வளவு?"

"ஒரு கிண்ணம்தான். ஏன் அப்படிப் பாக்குறே? சாப்பாடுதானே கூடாதுன்னாங்க? இது சாப்பாடா? கடிக்கவே வேணாமே, அதுபாட்டுக்கு வழுக்கிட்டுப் போகும்."

எழுந்தேன். என் கைப்பை எங்கே விழுந்தது, தூரான் என்ன கேட்டாள், எதுவும் தெரியவில்லை. மின்தூக்கியை நோக்கி ஓடினேன். கதவு திறந்துதான் இருந்தது. அதற்கு முன்னால் கோட்டுப் போட்ட இரண்டு கிழவர்கள்.

"நீங்க முதல்ல."

"ஐயையோ, நீங்க இருக்கப்போ நானா? போங்க."

"உங்க பாதத்தூசி நான். போங்க, தயவு பண்ணி."

"அது எப்படி, வயசுல பெரியவர் நீங்க."

மேலே என் புருஷன் வயிற்றில் ஒரு கிண்ணம் வெண்ணெயோடு மல்லாந்து கிடக்கிறான், இங்கே இரண்டு பேர் மரியாதையில் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். என் வாழ்நாளில் நானும் எத்தனை வாசல்களில் இப்படி நின்றிருக்கிறேன்! அன்றைக்கு ஒருவரை இடது கையாலும் மற்றவரை வலது கையாலும் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தேன். அவர்கள் "அடடா" என்று சொல்லும்போதே கதவு மூடிவிட்டது.

அறுவை அறை வாசலில் சிவப்புக் கோடு போட்டு, தாண்டக் கூடாது என்று எழுதியிருந்தது. தாண்டினேன். கதவை இரண்டு கையாலும் அறைந்தேன். ஒரு நர்ஸ் முகமூடியோடு எட்டிப் பார்த்தாள்.

"நிறுத்துங்க! அவன் சாப்பிட்டிருக்கான்! மருந்து குடுக்காதீங்க!"

"யாரு, கானும்?"

"என் புருஷன்! பெரிய மூக்கு!"

"இங்க வர்றவங்க எல்லாருக்கும் பெரிய மூக்குதான், கானும். பேரைச் சொல்லுங்க."

பேர் வாய்க்கு வரவில்லை. சத்தியமாக வரவில்லை. இத்தனை வருஷமாக ஒரு நாளைக்கு நூறு தடவை கூப்பிட்ட பேர். கையிலிருந்த கண்ணாடியை நீட்டினேன். "கண்ணாடிக்காரன், கண்ணாடிக்காரன்" என்றேன். அவள் அந்தக் கண்ணாடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே ஓடினாள்.

கதவு மூடிக்கொண்டது. அப்புறம் சத்தமே இல்லை. நான் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தேன். இறைவனே, அவனை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடு, மூக்கை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும், இரண்டு மூக்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும், நான் ஒன்றும் சொல்லமாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன்.

கதவு திறந்தது. டாக்டர் அஃப்ஷார் வந்தாள். முகமூடியைக் கழுத்துக்கு இழுத்துவிட்டாள். என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள், அந்தத் தலைமை ஆசிரியை.

"முழிச்சிட்டுத்தான் இருக்கார்" என்றாள். "மருந்தை ஊசிக்குள்ள நிரப்பிட்டேன். கைக்குழாய்ல மாட்ட வேண்டியதுதான் பாக்கி. மூச்சு வாங்குங்க கானும், மெதுவா. ஒண்ணும் ஆகல."

ஒண்ணும் ஆகல. இதைவிட இனிப்பான சொல் உலகத்தில் எந்த மொழியிலும் இருக்க முடியாது. நான் அவள் கையைப் பிடித்து முத்தமிட்டேன். அவள் கையை உருவிக்கொண்டாள், ஆனால் சிரித்தாள்.

அவனைப் பக்கத்து அறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மூக்கில் ஊதா மையால் கோடு போட்டிருந்தார்கள், வெட்டப்போகிற இடமெல்லாம் வரைபடம் மாதிரி. அதே மூக்கு. முழு மூக்கு. அதைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது? கண்ணாடியை மாட்டிவிட்டேன். அவன் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தான்.

டாக்டர் அஃப்ஷார் கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். "அறுவை மேசையில வச்சு நானே உங்க காதுகிட்ட வந்து கேட்டேன். எதாவது சாப்பிட்டீங்களான்னு. இல்லன்னீங்க. ஏன்?"

அவன் மறுபடி கூரையைப் பார்த்தான்.

"தெரியாம சாப்பிட்டாக்கூடப் பரவால்ல. அது நடக்கும். நாளைத் தள்ளி வைப்போம், அவ்வளவுதான். ஆனா தெரிஞ்சே இல்லன்னு சொன்னா, எங்க கையைக் கட்டிப்போட்டுட்டு எங்களைக் கொலைகாரங்க ஆக்குறீங்க."

"மானம் போயிடும்னு" என்றான் மெதுவாக. "அம்பத்து நாலு வயசு. பொண்ணுக்குக் கல்யாணம் ஆகப்போகுது. பயந்துபோய் அக்கா கையால களி வாங்கித் தின்னேன்னு எப்படிச் சொல்றது? அந்த நர்ஸ் பொண்ணுங்க எல்லாம் நின்னுட்டிருந்தாங்க."

எனக்கு மூக்கு மேல் கோபம் வந்தது. "மூக்கை அறுத்துக்கிறதுக்கு மானம் தடுக்கல. பயமா இருக்குன்னு சொல்றதுக்குத் தடுத்துதா?" என்று கத்தினேன்.

டாக்டர் சர்மதியும் வந்தார். அவர் நாள் கெட்டுப்போனதற்காகக் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "மூக்கு எங்கயும் ஓடிடாது" என்றார். பிறகு சாதாரணமாகக் கேட்டார், "சிகரெட்டை விட்டீங்களா?"

ஃபராமர்ஸ் அவரைப் பார்த்தான், அஃப்ஷாரைப் பார்த்தான், கடைசியில் என்னைப் பார்த்தான்.

"கடைக்குப் பின்னால போய் நேத்துக்கூட" என்றான்.

"அப்போ காச்சிக்கு நன்றி சொல்லணும்" என்றார் டாக்டர். "முழுசா ஒரு மாசம் விட்டுட்டு வாங்க."

அந்த நேரத்தில் தூரான் படியேறி வந்து சேர்ந்தாள். மின்தூக்கிக்குப் பொறுக்காமல் வலிக்கிற முழங்காலோடு படியேறியிருக்கிறாள். யாரோ அவளிடம் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நான் கொன்னிருப்பேனே. என் கையால கொன்னிருப்பேனே" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். நான் அவளுக்கு வைத்திருந்த வசவெல்லாம் தொண்டைவரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் எங்கே போனதென்று தெரியவில்லை. அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் மூக்கு என் கன்னத்தில் இடித்தது.

"கொல்லல. பாருங்க, கல்லுக்குண்டு மாதிரி இருக்கான்" என்றேன். "மூக்கு முட்டத் தின்னுட்டுக் கிடக்கான்."

தூரானை நர்ஸ் தண்ணீர் குடிக்க அழைத்துப் போனாள். அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். ஒரு கேள்வி என்னை அரித்துக்கொண்டிருந்தது.

"பயமா இருந்துதுன்னா என்கிட்ட ஏன் சொல்லல? நான் மேலதானே இருந்தேன். கூப்பிடு தூரம். கீழ போய் அக்காகிட்ட நின்னிருக்கே."

அவன் போர்வை ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே இருந்தான்.

"நீ சிரிப்பேன்னு நினைச்சேன்" என்றான்.

அவன் குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்யும்னு நினைச்சேன் என்பதுபோல அத்தனை சாதாரணமாகச் சொன்னான். அதனால்தான் அது எனக்கு உறைத்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

அதன் பிறகு அந்த ஒரு மாதம் எப்படிப் போயிற்று என்று கேட்காதீர்கள். சிகரெட் இல்லாத ஃபராமர்ஸோடு குடித்தனம் நடத்துவதற்குக் கரடியோடு நடத்தலாம். ஆனால் விட்டான், நிஜமாகவே விட்டான். தூரான் தன் அடுப்படிப் பக்கமே அவனை விடவில்லை. அவன் படியில் இறங்கும் சத்தம் கேட்டால் கிண்ணங்களை ஒளித்து வைத்தாள். கல்யாணப் படத்தில் வீங்கிய மூக்கோடுதான் நிற்கப்போகிறாய், தள்ளிப்போடேன் என்று கிம்யாகூடச் சொல்லிப் பார்த்தாள். "ஒரு வருஷம் கழிச்சு இன்னொரு படம் எடுத்துக்கலாம்" என்றான்.

இரண்டாவது முறை போகிற அன்று காலை, நான் அவன் செருப்பைப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். அவன் கட்டிலில் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"மஹ்லகா."

"என்ன?"

"பயமா இருக்கு."

பொத்தானைப் பற்றி ஒரு கிண்டல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன். பையை வைத்துவிட்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எனக்கும்தான்" என்றேன்.

அவன் திரும்பிப் பார்த்தான். "உனக்குமா? நீதான் வாய் மூடாம சிரிச்சிட்டிருந்தியே."

"பயத்துலதான்டா சிரிச்சேன், மடையா. நீ எழுந்திரிக்காம போயிட்டா நான் என்ன பண்ணுவேன்? யாரைத் திட்டுவேன்?"

அவன் என் தோளில் தலையைச் சாய்த்தான். அவன் கை சில்லென்று இருந்தது, என் கையும் அப்படித்தான் இருந்தது. பொத்தான்களைக் கழற்றி நானே சரியாகப் போட்டுவிட்டேன். வாடகை வண்டி வந்து ஒலி எழுப்பும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம். கற்கண்டும் இல்லை, களியும் இல்லை.

மருத்துவமனையில் யாரும் கேட்பதற்கு முன்பே டாக்டர் அஃப்ஷாரிடம் ஒப்பித்தான். "சிகரெட் இல்ல. ஆஸ்பிரினை இதய டாக்டர் சொன்ன நாள்ல நிறுத்தியாச்சு. ராத்திரியிலிருந்து வயித்துல ஒண்ணும் இல்ல. பயம் மட்டும் நிறைய இருக்கு." நர்ஸ் பெண்கள் எல்லாரும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

"பயம் இருந்தா பரவால்ல" என்றாள் அவள். "அது நுரையீரலுக்குள்ள போகாது."

தூரானும் நானும் கீழே காத்திருந்தோம். ஜபமாலையின் ஒரு முனை அவள் கையில், மறுமுனை என் கையில். சண்டை போடக்கூட இரண்டு பேருக்கும் தெம்பில்லை. ஒரு நர்ஸ் வந்து என் பேரைக் கூப்பிட்டு, அவன் கட்டிலுக்கு அழைத்துப் போனாள்.

மூக்கின் மேல் வெள்ளைக் கட்டு, உள்ளே பஞ்சு. கண் இரண்டும் அத்திப்பழம் மாதிரி வீங்கி மூடியிருந்தன. உதட்டில் காய்ந்த ரத்தம். அவனை அப்படி ஒரு கோலத்தில் நான் பார்த்ததில்லை, ஆனால் மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் போய் நின்றதும் அவன் கை போர்வையின் மேல் துழாவியது.

"யாரு?"

"நான்தான்."

"மஹ்லகா." நாக்கு குழறியது. "வந்துட்டேனா?"

"வந்துட்டே, ஃபராமர்ஸ்" என்றேன். "வந்துட்டே."

என் விரலைப் பிடித்துக்கொண்டே மறுபடி தூங்கிப்போனான். மூக்கு அடைத்திருந்ததால் வாயைத் திறந்து, அந்த மாடி முழுக்கக் கேட்கும்படி குறட்டை விட்டான். நர்ஸ் வந்து அவனைக் கொஞ்சம் திருப்பிப் படுக்கவைக்கவா என்று கேட்டாள். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது, நான் உட்கார்ந்து அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.